எதோடு ஒப்பிட்டார்கள்? முதல் ஆய்வுக் கட்டுரையை வாசிக்கப் போகிறவர்களுக்கு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கைந்து பேர் கூடுகிறோம். ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை, ஆளுக்கொரு பிரதி. உள்ளே சத்தமில்லாமல் வாசித்துவிட்டு, பேச வேண்டியதை வெளியே வந்து பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரு முறை ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். எல்லோரும் ஆரம்பத்தில் சொல்வது ஒன்றுதான்: "முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை சார்."

அதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. கதைப் புத்தகத்தைப் போல முதல் வரியில் தொடங்கி வரிசையாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதுகிறவர்களே அந்த வரிசையில் எழுதுவது அபூர்வம். நான் பார்த்த ஆய்வகங்களில் முதலில் படங்களும் அட்டவணைகளும் தயாராகும், பிறகு செய்முறைப் பகுதி, முன்னுரை கடைசியில்தான். வாசிக்கிறவரும் அதே வழியில் உள்ளே போனால் கட்டுரை திறந்துகொள்ளும்.

பொது சுகாதாரம், கணினி, பொருளறிவியல் (பொருட்களின் அமைப்பையும் தன்மையையும் ஆராய்வது) என்று மூன்று துறைகளில் துறைக்கொரு கட்டுரையை வைத்து அந்த வழியை இங்கே சொல்கிறேன். துறைகள் வேறு வேறாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டார்கள்?

முதல் படி: எந்தக் கட்டுரை?

இன்றைக்கு வந்த பரபரப்பான கட்டுரையை எடுக்காதீர்கள். சில வருடங்களாவது ஆன, மற்றவர்கள் அலசிப் பார்த்துவிட்ட கட்டுரையாக எடுங்கள். பயிற்சிக்கு நான் கொடுப்பவை இந்த மூன்று.

ஒன்று, 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த சென்னைக் காசநோய் ஆய்வு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் நடத்தியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டு, 2018-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்த கட்டுரை. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நிமோனியாவைச் சொல்லும் கணினி நிரல், வேறு மருத்துவமனைக்குப் போனால் என்ன ஆகிறது என்று பார்த்தது. மூன்று, சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013-ல் வெளியிட்டது. மின்சாரமே இல்லாமல் குடிநீரைச் சுத்தம் செய்யும் நானோ கலவை பற்றியது. மூன்றையும் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.

இரண்டாம் படி: கையில் கிடைக்கச் செய்வது

கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போடுங்கள். முதலில் வரும் இணைப்பு காசு கேட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். அதன் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரு இலவசப் பிரதி அகப்படும். மருத்துவம் சார்ந்தவை பப்மெட் சென்ட்ரலில் கிடைக்கும். கணினி, இயற்பியல் சார்ந்தவை ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கும். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர்கள் என்றால் கல்லூரி நூலகரிடம் "ஒரே நாடு ஒரே சந்தா" பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திட்டம் இது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இதில் அடங்கும். கேட்டுப் போகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பிரதி கிடைத்ததும் ஒரு வேலை இருக்கிறது. கட்டுரையின் பெயரோடு 'ரிட்ராக்‌ஷன்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். வெளியான கட்டுரையை இதழே திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு அந்தப் பெயர். நான் ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு கட்டுரையில் சொல்லியிருந்த செய்முறையை அப்படியே செய்ய மூன்று மாதம் போராடினேன். வரவே இல்லை. கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரை முந்தைய வருடமே திரும்பப் பெறப்பட்டிருந்தது. என் கையில் இருந்தது யாரோ முன்பே நகல் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி. ஐந்து நிமிடத் தேடல் அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

மூன்றாம் படி: முதல் இருபது நிமிடம்

தலைப்பு, சுருக்கம். இரண்டையும் ஒரு தடவை வாசித்துவிட்டு முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். நேரே முதல் அட்டவணைக்கும் படங்களுக்கும் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள விளக்கத்தை மட்டும் வாசியுங்கள். கிடைமட்டக் கோட்டில் என்ன அளவு, செங்குத்துக் கோட்டில் என்ன அளவு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத சொற்களை வட்டமிடுங்கள். உடனே பொருள் தேட வேண்டாம். நாற்பது சொல்லை வட்டமிட்டாலும் அவற்றில் எட்டோ பத்தோதான் உண்மையில் தேவைப்படும்.

அப்புறம் ஒரு தாளில் தமிழில் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "இவர்கள் இதை இதோடு ஒப்பிட்டு, இதை அளந்தார்கள்."

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே எடுத்து அடுக்கிவிடலாம். புரியாமலேயே புரிந்ததுபோல ஒரு வாக்கியம் வந்துவிடும். தமிழில் அப்படி எடுத்து வைக்க முடியாது. 'ரேண்டமைஸ்' என்று போட்டிருந்ததை அந்தச் செவிலியர் "சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல" என்று எழுதினார். விஷயம் அவர் கைக்கு வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

நான்காம் படி: எதோடு ஒப்பிட்டார்கள்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். செய்முறைப் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைக் கடந்து போகாத சென்னைவாசி இருக்க மாட்டார். அந்தப் பெயர் அங்கிருந்த காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை, இவை இருந்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நாளில் நம் ஊரில் நோயாளிகள் அதிகம், படுக்கைகள் குறைவு. அதனால் கேள்வி இப்படி எழுந்தது: நெருக்கடியான வீட்டில், ஏழைச் சாப்பாட்டோடு இருப்பவருக்கு, சானடோரியத்தில் கொடுக்கும் அதே மாத்திரையைக் கொடுத்தால் குணமாகுமா?

அவர்கள் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதைத் தற்செயல் முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஐசோனியாசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு காசநோய் மருந்துகளும் சேர்ந்த ஒரே சிகிச்சை, 12 மாதம். மருத்துவரே ஆளைப் பார்த்துப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ரொம்ப மோசமாக இருப்பவரைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் சானடோரியத்தில் முடிவு மோசமாக வந்தால் அது இடத்தின் குறையா, நோயின் தீவிரமா? சொல்லவே முடியாது. குலுக்கிப் பிரித்ததால்தான் இரண்டு குழுக்களும் ஒப்பிடத் தக்கவை ஆகின்றன.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இருந்தும் நோய் குணமான விதத்தில் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்தன. பிறகு அவர்களின் குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் மற்றவர்களுக்குத் தொற்று கூடிவிடவில்லை என்றும் தெரிந்தது. இன்று காசநோயாளி வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடுவதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது. நம் ஊர்க் குடிசைப் பகுதி மனிதர்கள் உலகத்துக்குச் சொன்ன பதில் என்றே இதை நினைக்கிறேன். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் மனம் நெகிழ்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போதுமா, சாப்பிட்டார்களா என்று எப்படித் தெரியும்? அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை வைத்தார்கள், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். பொது சுகாதாரக் கட்டுரையில் "எத்தனை பேர் இடையில் விட்டுப் போனார்கள்? அவர்களை எந்தக் கணக்கில் வைத்தார்கள்?" என்ற இரண்டையும் தேடாமல் விடாதீர்கள். விட்டுப் போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும்.

கணினிக் கட்டுரைக்கு வருவோம். அங்கே மனிதர்களுக்குப் பதில் டேட்டா. எந்த டேட்டாவில் நிரலைப் பழக்கினார்கள், எந்த டேட்டாவில் சோதித்தார்கள் என்பதுதான் ஒப்பீட்டின் உயிர். பள்ளியில் மாதிரித் தேர்வுக்குக் கொடுத்த கேள்வியே ஆண்டுத் தேர்வில் வந்தால் நூறு மதிப்பெண் எடுப்பது பெரிய காரியமா? அதே கதைதான்.

2018 கட்டுரையில் மூன்று அமெரிக்க மருத்துவ நிறுவனங்களின் 1,58,323 எக்ஸ்ரே படங்கள். ஒரு நிறுவனத்தின் படங்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நிமோனியா இருந்தது. மற்றொன்றில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். நிரல் என்ன செய்தது? நுரையீரலைப் பார்த்ததோடு, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையும் ஏறக்குறைய பிசகாமல் கண்டுகொண்டது. எக்ஸ்ரே எடுப்பவர் இடம் வலம் குறிக்க வைக்கும் சின்ன உலோகத் துண்டுகூட அதற்குத் துப்புக் கொடுத்தது. மருத்துவமனையைக் கண்டுபிடித்துவிட்டாலே பாதி விடை கிடைத்துவிடுமே. அதே நிரல், தான் பழகாத வேறு மருத்துவமனையின் படங்களைப் பார்த்தபோது, ஐந்து ஒப்பீடுகளில் மூன்றில் திறன் இறங்கியது.

கொரோனா காலத்தில் இதே கோளாறு பெரிய அளவில் நடந்தது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களிலிருந்து கொரோனாவைச் சொல்லும் நிரல்கள் பற்றிய 2,212 ஆய்வுகளை ஒரு குழு 2021-ல் சலித்தது. முறையாகச் செய்ததாகத் தேறியவை 62. அவற்றிலும் மருத்துவமனையில் பயன்படுத்தும் தகுதியோடு ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் கொரோனா இல்லாதவர் படங்கள் என்று சேர்த்தவை குழந்தைகளின் எக்ஸ்ரே. கொரோனா உள்ளவை பெரியவர்களுடையவை. நிரல் பழகியது பெரியவரையும் குழந்தையையும் பிரித்தறிய! ஆகவே கணினிக் கட்டுரையில் "98 சதவீதம் துல்லியம்" என்று பார்த்தால் உடனே கேளுங்கள்: பழக்காத இடத்திலிருந்து வந்த டேட்டாவில் எவ்வளவு? பழைய, எளிய முறை ஒன்றை அதே டேட்டாவில் ஓட்டினால் எவ்வளவு?

பொருளறிவியல் சென்னைக்காரருக்குச் சுலபமாகவே பிடிபடும், போர்வெல் தண்ணீர் கொதிக்கவைத்த பாத்திரத்தைத் தேய்த்த அனுபவம் நமக்கு இருக்கிறதே. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கறையை நினைத்துக்கொண்டு 2013 கட்டுரையைத் திறங்கள். வெள்ளி அயனிகள் கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. சிக்கல் எங்கே என்றால், குடிநீரில் இருக்கும் உப்புகள், அயனிகளை வெளிவிடும் வெள்ளி நுண்துகள்களின் மேல் படிந்து மூடிவிடுகின்றன. அப்புறம் வெள்ளி வெளியே வராது. காய்ச்சி வடித்த நீரில் சோதித்தால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. அந்தக் குழு இதையே எதிர்கொண்டு, ஆற்று மணல் போன்ற தன்மை கொண்ட ஒரு கலவையை, தண்ணீரிலேயே, மின்சாரம் இல்லாமல் உருவாக்கியது. வெள்ளி தொடர்ந்து ஒரே சீராகக் கசியும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவில் சுத்தமான தண்ணீர் என்று கட்டுரை சொல்கிறது. நீங்கள் தேட வேண்டியவை: எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்? எத்தனை லிட்டர் வரை? அந்த 2.5 டாலரில் எதெல்லாம் அடங்கும்?

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அழகான ஒரு படத்துக்குப் பின்னால் எடுத்த படங்கள் எத்தனை என்று கேளுங்கள். மூலையில் இருக்கும் அளவுகோலையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: எண்களிடம் நிதானம்

"நோய் பாதியாகக் குறைந்தது" என்றால் எத்தனையில் பாதி என்று கேட்க வேண்டும். ஆயிரத்தில் இரண்டு பேர் ஒருவரானாலும் பாதிதான், நானூறு பேர் இருநூறானாலும் பாதிதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவு அது. பரிசோதித்தது 1,13,043 பேரை. நோய் இருந்த விகிதம் 11.4 சதவீதம். எல்லோரும் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். மாநிலம் மாநிலமாக 2008 முதல் 2020 வரை நடந்தது. இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த 10.1 கோடிக்கு அர்த்தம். குழந்தைகளையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையை 11.4 சதவீதத்தால் பெருக்கினால் தப்பான எண்தான் வரும்.

பி-மதிப்பு என்று ஒன்று எங்கும் வரும். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. புதிதாக வாசிக்கிறவர்கள் அதைவிட அடைப்புக்குள் இருக்கும் நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான அளவு எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்று காட்டும் இரண்டு எண்களை, பார்ப்பது நல்லது. இடைவெளி அகலமாக இருந்தால் ஆய்வாளர்களுக்கே அளவு சரியாகப் பிடிபடவில்லை என்று பொருள்.

"பலன் இல்லை" என்று முடியும் கட்டுரைகளை ஒதுக்கிவிடாதீர்கள். செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு மிகப் பெரியது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தும், பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் அது தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. விரும்பிய முடிவு இல்லைதான், அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

ஆறாம் படி: வேறு யாராவது செய்து பார்த்தார்களா?

2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருளைப் பற்றித் தென்கொரியக் குழு ஒன்று ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரை போட்டது. அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் என்றார்கள். காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் காணொளி உலகத்தையே சுற்றி வந்தது. ஆர்க்கைவில் இருப்பவை சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்னாலேயே வெளியாகும் முன்பிரதிகள். சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள், டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் சேர்த்து, அதே பொருளைச் செய்து பார்த்தன. அவர்கள் சொன்ன குணம் கிடைக்கவில்லை. கலப்படமாகச் சேர்ந்திருந்த தாமிர சல்பைடு சுமார் 104 டிகிரி செல்சியஸில் அமைப்பு மாறும். அப்போது மின்தடை திடீரென்று இறங்கும். அதைத்தான் வேறொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் கீழே "மேற்கோள் காட்டியவை" என்று இருக்கும். அதை அழுத்தி, பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று இரண்டு மூன்றை மேலோட்டமாகப் பாருங்கள். இருபது நிமிட வேலைதான்.

ஏழாம் படி: நேரில் போங்கள்

சென்னையில் இருப்பதன் பெரிய கொடுப்பினை இது. கிண்டி, அடையாறு, தரமணி என்று ஒரே பேருந்துப் பயணத்தில் அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி, கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் வந்துவிடும். இந்த அருகாமை வீண்போனதில்லை. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், 1952-ல் வந்த பெர்னல் என்ற அறிஞர் கொல்லாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னதைக் கேட்டு அதில் இறங்கினார். தோலின் முக்கியப் பொருளே கொல்லாஜன்தான். தோல் ஆராய்ச்சி நிறுவனம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழை முறுக்கிய அமைப்பை முன்வைத்தார்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். செப்டம்பர் 26, தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆர் அமைப்பு நிறுவப்பட்ட நாள். இந்த நாட்களை ஒட்டிப் பல ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும். கணித அறிவியல் நிறுவனத்தில் பொதுச் சொற்பொழிவுகள் நடக்கும். தேதிகளை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது வாசித்த கட்டுரையின் பிரதியை எடுத்துக்கொண்டு போங்கள், பென்சில் குறிப்புகளோடு.

நேரில் முடியாவிட்டால் மின்னஞ்சல். கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் உறை அடையாளமோ நட்சத்திரமோ இருக்கும். முகவரி அங்கேயே கிடைக்கும். "உங்கள் ஆய்வு அருமை, வழிகாட்ட வேண்டும்" என்று எழுதினால் பதில் வருவது கடினம். இப்படி எழுதுங்கள்: நான் இன்னார், இங்கே படிக்கிறேன். உங்கள் இந்தக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் நான்காவது வரியில் 41 பேர் என்று இருக்கிறது, செய்முறைப் பகுதியில் 44 என்று இருக்கிறது. மீதி மூன்று பேர் எங்கே போனார்கள்? அவ்வளவுதான், ஐந்து வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் முதலில் இருக்கும் பெயருக்கும் அந்த மின்னஞ்சலின் ஒரு பிரதி அனுப்புங்கள். எங்கள் குழுவில் வந்த பதில்கள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வந்தன. அநேகமாக அவர்தான் அந்த அட்டவணையை உட்கார்ந்து நிரப்பிய மாணவர். அந்த மூன்று பேரை அவருக்கு நினைவிருக்கும்.